வலது ஓரம் தேய்ந்த ஸ்பூன்

ஜூன் 3, செவ்வாய்

டைரி இவருடையது. ரிட்டயர் ஆன மேனேஜர்களுக்கும் தேயிலைக் கம்பெனி வருஷம் தவறாமல் ஒன்று அனுப்பிவைக்கிறது. மே பதினொன்றாம் தேதி வரை இவர் கையெழுத்து: குன்னூரில் பெய்த மழை, பிரஷர் மாத்திரை, அன்றைக்கு எந்த ஸ்பூனை எடுத்துப் பார்த்தார் என்பது. பன்னிரண்டாம் தேதி காலையில் பாத்ரூமில் விழுந்தார். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத்தாள். வீணாகப் போகிறதே என்று நான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. வலது கையும் வலது காலும் செத்துக் கிடக்கின்றன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். "மூதேவி." யோசிக்காமல் வருகிற வார்த்தைகள் சில சமயம் தப்பித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்தாறு வருஷம் என்னைக் கூப்பிட்ட பெயர், அது எப்படிப் போகும்? ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் ரஞ்சிதம். அது இவர் வாயில் வந்ததை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இன்று காலை கஞ்சி ஊட்டப் போனேன். இடது கையால் ஒரு அறை விட்டார். ஸ்பூன் என் உதட்டில் இடித்துக் கிழித்துவிட்டது. பாதி உடம்பு போன பிறகும் இந்த வேகம். கம்பெனி கொடுத்த நீலக் கோடு போட்ட டையை எடுத்து வந்து, இடது கையை நாற்காலியின் கையோடு சேர்த்துக் கட்டினேன். அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே டாக்டரும் சொன்னார். யாருக்கு அடிபடாமல் என்று சொல்லவில்லை.

மாலையில் துணி துவைத்தேன். வெயில் இல்லை, காயவில்லை.

ஜூன் 4, புதன்

இவர் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு தொங்கிக்கொண்டிருந்த சாவியைக் கழற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடிக்கட்டும்.

வெள்ளி அறையைத் திறந்தேன். இருநூற்றுப் பதினேழு ஸ்பூன்கள். நீல வெல்வெட்டின் மேல், கண்ணாடிக்குள், வயது வரிசையில் படுத்திருக்கின்றன. துரைமார்கள் ஊருக்குத் திரும்பும்போது பங்களா பங்களாவாகப் போய்ப் பொறுக்கியது. விருந்தாளிகளுக்கு இவர் ஒப்பிக்கும் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கதவுக்கு வெளியே காபித் தட்டோடு நின்று கேட்டது. நானூறு வருஷத்துக்கு முன் சீமையில் விருந்துக்குப் போகிறவன் தன் ஸ்பூனைத் தானே எடுத்துப் போவானாம். அப்போது ஸ்பூனின் வாய் அத்திப்பழம் மாதிரி இருக்கும். பிறகுதான் முட்டை வடிவம் வந்தது. காம்பு ஒடியாமல் இருக்க முதுகில் ஒரு தண்டு ஓடும், அதற்கு எலிவால் என்று பெயர். காம்பின் பின்னால் நடக்கிற சிங்கம் இருந்தால் நல்ல வெள்ளி. ராஜாவின் தலை இருந்தால் வரி கட்டிய வெள்ளி. மதராஸில் நம் ஆட்கள் செய்து கொடுத்ததில் சிங்கமும் இருக்காது, ராஜாவும் இருக்கமாட்டார். செய்தவன் பெயரின் முதலெழுத்து மட்டும்.

கடைசியில் இவருக்குப் பிடித்த கட்டம் வரும். ஒரு பழைய ஸ்பூனை எடுத்து நுனியைக் காட்டுவார். "பாத்தீங்களா, இடது ஓரம் தேஞ்சிருக்கு. வலது கையால தட்டைச் சுரண்டிச் சுரண்டித் தேஞ்சது. நூறு ஸ்பூன் எடுங்க, நூறும் இப்படித்தான் இருக்கும். கர்த்தர் மனுசனுக்குச் சாப்பிடக் கொடுத்தது வலது கை." விருந்தாளிகள் தலையாட்டுவார்கள்.

இந்த அறைக்குள் நான் தனியாக நுழைந்தது ஒரே ஒரு தடவை. கல்யாண நாளுக்கு ஆச்சரியப்படுத்தலாம் என்று நாற்பது ஸ்பூனைப் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். சிங்கங்கள் பாதி அழிந்துவிட்டன. பழைய வெள்ளியைத் தேய்க்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்று வாங்கிய அறையில் போன இடது காது இன்னும் திரும்பவில்லை.

அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டைத் தட்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அரை மணி கழித்துக் காலித் தட்டு வெளியே வரும். வெள்ளியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால்தான் இறங்குமாம்.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை கொடுக்கும்போது "மூதேவி" என்றார். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நேராக வெள்ளி அறைக்குப் போய், கைக்கு வந்த ஒரு ஸ்பூனை எடுத்து வந்து, இவர் முன்னால் தரையில் வைத்து, இஞ்சி நசுக்குகிற குழவியால் நாலு போடு போட்டேன். வெள்ளி இவ்வளவு மெத்து என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அப்பளமாகிவிட்டது.

இவர் கண்ணில் தண்ணீர் வந்தது. என் அம்மா செத்தபோதுகூட வராத தண்ணீர்.

"ஒரு மூதேவிக்கு ஒரு ஸ்பூன். கணக்குச் சரியா?" என்று கேட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டு.

ஜூன் 7, சனி

மழை. கேஸ் சிலிண்டர் மாற்றினேன். ஐந்து.

ஜூன் 8, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. பாதிரியார் போன் செய்து ஜெபித்தார். ஆமென் சொன்னேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். இந்த வீட்டில் வலது கையால்தான் சாப்பிட வேண்டும். சட்டம் இவர் போட்டது, நான் போட்டதில்லை. அதனால் கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்து, ஸ்பூனை இவருடைய வலது கையில் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டேன். "சாப்பிடுங்க" என்றேன். ஸ்பூன் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். விழுந்தது. பதினொரு தடவை. கட்டுக்குள் இடது கை திமிறியது, டை இறுகி மணிக்கட்டு சிவந்துவிட்டது. கடைசியில் நானே நாலு வாய் ஊட்டினேன். நான் ஒன்றும் கல் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பயிற்சி கொடுக்க வினோதினி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வாரம் இரண்டு நாள் வருவாள்.

"ஆன்ட்டி, கையை இப்படிக் கட்டி வைக்கக் கூடாதுங்க. அங்கிளுக்கு இருக்கறதே அந்த ஒரு கைதானுங்க. அதுல சாப்பிடப் பழகோணும்."

"அடிக்கிறாரும்மா" என்று உதட்டைக் காட்டினேன். அவள் இவர் மணிக்கட்டுக்குத் தைலம் தடவினாள். போகும்போது எடை பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறார்.

"சாப்பிட மாட்டேங்கிறாரு" என்றேன். ஒரு வகையில் அது உண்மைதான்.

சுவரிலிருந்த பியூலாவின் போட்டோவைப் பார்த்து, "ஒரே பொண்ணுங்களா? கையில என்னங்க தழும்பு?" என்றாள். சின்ன வயதில் அடுப்பில் பட்டுவிட்டது என்றேன். முப்பத்தாறு வருஷமாக எல்லோருக்கும் சொல்லி வருவது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

பியூலாவுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் இருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு வந்தால் மறுநாள் காலை பஸ் ஏறிவிடுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நாலு நிமிஷம் பேசினோம், அதில் இரண்டு நிமிஷம் மழையைப் பற்றி.

எல்லாவற்றையும் ஒரு நாள் எழுதத்தான் வேண்டும். 1989 பிப்ரவரி. அவளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து இடது கைதான். பென்சிலும் இடது, பந்தும் இடது, சோறும் இடது. இவர் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாம் நாள் ரசஞ்சோற்றை அவள் மறதியாக இடது கையால் பிசைந்தாள். இவர் எழுந்து வெள்ளி அறைக்குப் போய் ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்தார். அடுக்களையில் எவர்சில்வர் கரண்டி இல்லாமலா இருந்தது? வெள்ளிதான் சட்டென்று சூடேறும் என்றார். அடுப்பில் காட்டி, அவள் இடது புறங்கையில் வைத்தார். முட்டை வடிவத்தில் தோல் வெந்துவிட்டது.

துள்ளுகிற ஏழு வயதுப் பிள்ளையின் கையை மேஜைமேல் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனையும் வைக்க ஒரு ஆளால் முடியாது. அது எப்படி முடிந்தது என்றால்

குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. பிறகு.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். மூன்று ஸ்பூன்.

ஜூன் 14, சனி

ஹபிபுல்லா சென்னையிலிருந்து வந்தார். பழைய வெள்ளி வாங்கி விற்பவர், தனக்கென்றும் சேர்ப்பவர். இந்தச் சேகரிப்பைப் பார்க்க வேண்டும் என்று நாலு தடவை வந்து, நாலு தடவையும் இவரிடம் திட்டு வாங்கிப் போனவர். கடைசித் தடவை இவர் கைத்தடியை ஓங்கினார். இப்போது நான் கூப்பிட்டேன். எல்லாம் வீட்டை விட்டுப் போகட்டும், இவர் பார்த்துக்கொண்டிருக்கப் போகட்டும் என்றுதான்.

பிஸ்கட் டின்னில் கிடந்த அப்பளங்களைத்தான் முதலில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா. யாரும்மா இப்படிப் பண்ணது?"

"கை தவறிக் கீழே விழுந்துடுச்சு."

"பதினோரு ஸ்பூனா?"

நான் டீ ஊற்றினேன். மனிதர் பண்பானவர், மேலே கேட்கவில்லை. கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். வெள்ளி அறை மேஜை டிராயரில் துண்டில் சுற்றி ஒரு ஸ்பூன் இருந்தது, அலமாரியில் சேராதது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெட்ராஸ் வேலைம்மா. நூத்தம்பது வருசம் இருக்கும். ஆனா இங்க பாருங்க, வலது ஓரம் தேஞ்சிருக்கு. முப்பது வருசத்துல இந்த மாதிரி நான் பாத்தது ரெண்டோ மூணோதான். நொட்டாங்கைக்காரர் ஸ்பூன் இது."

"எந்தத் துரையோ" என்றேன்.

"இல்லம்மா. ஸ்பூன்தான் பழசு, தேய்மானம் புதுசு. ஓரம் எவ்ளோ கூரா இருக்கு, தடவிப் பாருங்க. முப்பது நாப்பது வருசமா யாரோ தினம் இதுல சாப்பிட்டிருக்காங்க. போன மாசம் வரைக்கும்கூட."

ஸ்பூன் சுற்றியிருந்த துண்டை எடுத்து மடித்தேன். பிரித்துத் திரும்ப மடித்தேன்.

அவர் கவனிக்கவில்லை, ஸ்பூனைத் திருப்பினார். "முதுகுல செவப்பா ஒரு கறை தெரியுது பாருங்க. யாரோ அடுப்புல வச்சுப் பழுக்கக் காய்ச்சியிருக்காங்க. உள்ள இருக்கற செம்பு மேல வந்து இப்படி நிக்கும். துடைச்சா போவாது. நல்ல சாமானை எவன் இப்படிப் பண்ணானோ."

எவன் என்று நான் சொல்லவில்லை. இனிமேல் எதையும் கீழே போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். வேனோடு திரும்ப வருவார்.

ஜூன் 15, ஞாயிறு

இப்போது எல்லாம் தெரிகிறது. அந்தத் தாழ்ப்பாள் வெள்ளிக்காகப் போட்டது இல்லை. மேஜையில் எங்கள் முன்னால் வலது கையால் நாலு உருண்டை உருட்டி விழுங்கிவிட்டு, மதியம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் சொந்தக் கையால் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார். எத்தனை வருஷம்! அதே ஸ்பூனைத்தான் அன்றைக்கு எடுத்து வந்து என் பிள்ளையின் கையில் வைத்திருக்கிறார். மறுநாள் மதியம் அதை எடுத்து வாயில் வைத்தும் இருப்பார்.

தெரியாமல் செய்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். பழைய காலத்து ஆள், மூடநம்பிக்கை, அவருடைய அப்பா வளர்த்த விதம் என்று நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டவள். தெரிந்து செய்திருக்கிறார். இந்த மனிதரை நான் வெறுக்கிறேன். எழுதிப் பார்த்தேன், எழுத்து நடுங்கவில்லை.

ஸ்பூனை இவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண் அதையே பார்த்தது. கட்டுக்குள் இடது கை மெல்லத் திறந்தது. பிள்ளைகள் மிட்டாய்க்கு நீட்டுகிற மாதிரி.

"வலது கையால வாங்கிக்கோங்க" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அந்த ஸ்பூனை வலது கையில் வைத்துக் காலை ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தயிர்சாதம் காய்ந்துபோனது. "மூதேவி" என்று சொல்லக்கூட இவரிடம் தெம்பில்லை. குழவிக்கு வேலை இல்லை.

எண்ணெய் தேய்த்துவிடும்போது இடது மணிக்கட்டின் உட்பக்கம் பார்த்தேன். அங்கே மினுமினுவென்று மூன்று கோடுகள். கல்யாணத்தன்றே பார்த்ததுதான். பிறவி மச்சம் என்று அப்போது சொல்லியிருந்தார். மச்சம் இப்படி வரிசையாக இருக்குமா?

இவருடைய அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். சாயர்புரத்தில் பிரம்புக்குப் பேர் போனவர். மேலே யோசிக்க எனக்கு இஷ்டமில்லை. டையைத் திரும்பக் கட்டினேன்.

ஜூன் 18, புதன்

வினோதினி திட்டினாள். அந்தப் பெண்ணுக்குத் திட்டக்கூடத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது. "என்ன ஆன்ட்டி பண்ணிட்டிருக்கீங்க? இன்னும் நாலு நாள் இப்படியே போச்சுன்னா அங்கிள் இருக்க மாட்டாருங்க! நான் உங்க பொண்ணுக்குப் போன் பண்றேன். இல்லீனா போலீசுக்குத்தான் பண்ணோணும்."

மகளுக்கே செய் என்றேன். அவளே நாலு ஸ்பூன் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். இவர் விழுங்கினார். உயிர் மேல் இவ்வளவு ஆசை.

ஜூன் 20, வெள்ளி

பியூலா பதினொரு மணிக்கு வருகிறாள். வீடு பெருக்கினேன். அவளுக்குப் பிடிக்கும் என்று வாழைக்காய் வறுத்தேன். கட்டை அவிழ்த்துவிடலாமா என்று இரண்டு தடவை கிட்டே போனேன். அவிழ்க்கவில்லை. அவள் பார்க்க வேண்டும். அவளுக்காக நான் இதையாவது செய்தேன் என்று தெரிய வேண்டும். அந்த ஸ்பூனைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மூன்று வாரம் நான் காத்திருந்தது அதற்குத்தான், இவர் சாவுக்காக இல்லை.

கார் சத்தம் கேட்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். வலது கையில் கட்டு.

ஜூன் 25, புதன்

நேற்று ஒரு வரியோடு கை வலித்துவிட்டது. இன்று கொஞ்சம்.

பியூலா வந்தாள். டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முட்டி போட்டு முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போய் வெகுநேரம் ஆனது.

நான் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாள், டிராயர், ஹபிபுல்லா. அவள் நம்பவில்லை. "சும்மா இரும்மா" என்றாள்.

தயிர்சாதம் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தேன். ஸ்பூனை இவருடைய இடது கையில் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

இவர் சாப்பிட்ட விதம்! ஒரு பருக்கை சிந்தவில்லை. கிண்ணத்தின் ஓரத்தை வழித்து, திருப்பி, வழித்து, வாய்க்குக் கொண்டுபோனார். பழகிய கை. பக்கவாதம் வந்து ஒரு மாதத்தில் பழகுகிற கை இல்லை அது. பியூலா பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்ணம் காலியாகிறவரை அசையவில்லை. அவளுடைய இடது கையை அவளே வலது கையால் மூடிக்கொண்டாள்.

பிறகு ஸ்பூனை அவர் விரல்களிலிருந்து உருவினாள். முதுகுப்பக்கத்துச் சிவப்புக் கறையைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போனாள். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

இதற்கு மேல் இன்று முடியாது.

ஜூன் 27, வெள்ளி

டாக்டர் கட்டு மாற்றினார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். அடுப்பில் பட்டுவிட்டது என்றேன். பியூலா பக்கத்தில்தான் நின்றாள்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஓடினேன். பியூலா இடுக்கியால் ஸ்பூனின் காம்பைப் பிடித்துத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாள். அதன் வாய் மங்கலாகச் சிவக்க ஆரம்பித்திருந்தது. "ஏட்டி, என்ன பண்ற? வேண்டாம், அவர் செத்துப்போவாரு!" என்று கத்தினேன். பட்டினி போட்டபோது சாகமாட்டார் என்று நினைத்தேனா, தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

"நீ வந்து அவர் கையைப் பிடிம்மா. உனக்குத்தான் பழக்கமாச்சே."

ஆமாம். நான்தான் பிடித்தேன். எழுதிவிட்டேன். 1989 பிப்ரவரியில், சாப்பாட்டு மேஜையில், என் பிள்ளையின் இடது மணிக்கட்டை என் இரண்டு கையாலும் மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். "அம்மா விடும்மா, அம்மா விடும்மா" என்று அவள் அவரைப் பார்த்துக் கத்தவில்லை, என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். சீக்கிரம் முடிந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். காது போன பயம். அதெல்லாம் காரணமா என்ன?

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்பூனோடு ஹால் பக்கம் திரும்பினாள். நான் குறுக்கே நின்று அதன் வாயை என் வலது கையால் பிடித்தேன். தடுக்கத்தான் பிடித்தேன். பிடித்த பிறகு விடவில்லை. தோல் கருகுகிற அந்த வாசனை எனக்குத் தெரியும், முப்பத்தாறு வருஷமாகத் தெரியும்.

"விடும்மா! அம்மா, விடும்மா!" என்று பியூலா அலறினாள்.

அதே குரல். அப்போதுதான் விட்டேன்.

ஹாலிலிருந்து இவர் "மூதேவி, மூதேவி, மூதேவி" என்று கத்திக்கொண்டிருந்தார். திட்டினாரா, பயந்துபோய்க் கூப்பிட்டாரா என்று சொல்ல முடியாது. அவரிடம் வேறு சொல் இல்லையே.

பியூலா என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து தண்ணீரில் என் கையைக் காட்டினாள். அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தழும்பு மேலே தெரிந்தது. நான் வலியில் உருவப் பார்த்தேன். அவள் விடவில்லை. "ஆட்டாத. அப்படியே வை" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் "சரிம்மா" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஹபிபுல்லாவின் வேன் வந்து போனது. நசுங்கியதையும் சேர்த்து வாரிக்கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. கழுவாமல் இன்னும் சிங்க்கில் கிடக்கிறது, யாரும் தொடவில்லை.

பியூலா பஸ் டிக்கெட்டை இரண்டாவது தடவையாகத் தள்ளிப்போட்டாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

மதியம் சாம்பார், வாழைக்காய். இவரை நாற்காலியோடு மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு எவர்சில்வர் ஸ்பூனை அவர் இடது கையில் வைத்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள், நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியை மடியில் சிந்தினேன். அவள் உட்கார்ந்து, தன் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையைத் தட்டில் வைத்துச் சோற்றைப் பிசைந்தாள். விரல்களுக்கு மறந்துவிட்டிருந்தது. மெதுவாகத்தான் பிசைந்தாள்.

இவர் ஸ்பூனைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை, அந்தச் சொல்கூட. குனிந்து சாப்பிட்டார்.

மூன்று பேரும் இடது கையால் சாப்பிட்டு முடித்தோம்.